மே மாதத்தில் மச்சானை விறைக்க வைத்த கதை

ஓய்வு பெற்ற பாதுகாப்பு அதிகாரியைப் போல ஆபத்தான மனிதன் வேறு யாரும் கிடையாது. வேலையில் இருக்கும்வரை அவனை அடக்க மேலதிகாரி இருப்பார், யூனியன் இருக்கும், அவன் அனுப்பும் சுற்றறிக்கைகளை யாரும் படிக்காத பெரிய வசதியும் இருக்கும். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் அவனுக்கு வீட்டைத் தவிர வேறு தொழிற்சாலை கிடையாது.

நான் பம்பாயில் செம்பூரை ஒட்டிய ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். என் காலத்தில் அங்கே யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காயம் பட்டதில்லை. (பட்டவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் மனைவி கோமதியின் கருத்து. நான் தயாரித்த விபத்து அறிக்கைப் படிவம் ஒன்பது பக்கம்.) தீ, வாயுக் கசிவு, உயரத்திலிருந்து விழுதல், ஆழத்தில் மூழ்குதல் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். அப்படிப்பட்ட நான், மனைவியின் கூடப் பிறந்த அண்ணனைக் குளிரில் விறைக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இமயமலையில் இல்லை. செம்பூரில், மே மாதம், காலை பதினோரு மணி வெயிலில், மொட்டைமாடியில்.

மச்சானின் பெயர் சுடலைமுத்து. பிறந்தது, வளர்ந்தது, மளிகைக் கடை வைத்தது எல்லாம் தாராவியில். கடைக்கு மேலேயே வீடு. அங்கே குழாயில் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும். அதை நீல நிற பிளாஸ்டிக் டிரம்களில் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்ட வேண்டும். குளிப்பதற்கு ஆளுக்கு இரண்டு மக். தீபாவளிக்கு மூன்று. மச்சானுக்கு அறுபத்தாறு வயதாகியும் தலை தண்ணீருக்குள் போனதே இல்லை. சொந்த ஊருக்குப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும்தான். அங்கேயும் குழாயடியில் வாளி வைத்துக் குளித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தவர்.

"பம்பாயில இல்லாத கடலா மச்சான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது உப்புல்லா மாப்ள. அதுல முங்கிட்டு வந்தா மேலக் கழுவ நல்ல தண்ணி வேணும். அதுக்கும் ரெண்டு மக்குதான இருக்கு?"

கடையை மகன் எடுத்துக்கொண்டதும் மச்சான் முதன்முதலாக ஓர் ஆசையை வாய்விட்டுச் சொன்னார். எங்கள் செம்பூர் காலைநடைக் குழுவினர் பதினான்கு பேர் கங்கோத்ரிக்குப் போவதாக ஏற்பாடு. அதில் தானும் வருவதாகச் சொன்னார்.

"ஒரு டயம் தல முங்கக் குளிக்கணும் மாப்ள. அம்புட்டுதான். மத்தபடி எனக்கு அங்க ஒரு சோலியும் இல்ல."

பயண ஏற்பாட்டைக் கவனிக்க ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். பாதுகாப்பைக் கவனிக்க யாரும் இல்லை என்பதை நானே கண்டுபிடித்து, நானே என்னை நியமித்துக்கொண்டேன். கங்கோத்ரியில் ஓடுவது உருகிய பனி. பம்பாய் வெயிலில் வெந்த வயதானவர்கள் அதில் தடாலென்று குதித்தால் என்ன ஆகும் என்று எங்கள் குடியிருப்பின் கூடத்தில் முப்பத்திரண்டு படங்களைத் திரையில் போட்டு விளக்கினேன். முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அப்போது தலை உள்ளே இருந்தால் தண்ணீரைக் குடித்துவிடுவீர்கள். பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும். அதற்கும் மேலே இருந்தால் உடம்பின் உள்சூடே இறங்க ஆரம்பிக்கும், பேச்சு குழறும், புத்தி மங்கும். ஆகவே மெதுவாக இறங்குங்கள், தனியாக இறங்காதீர்கள், கரையில் ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும், இரண்டு நிமிடத்தில் வெளியே வாருங்கள். கூட்டம் உருளைக்கிழங்கு போண்டாவைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சான் மட்டும் கையைத் தூக்கினார்.

"மாப்ள, அங்க தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

"அது ஆறு மச்சான். நாள் பூரா வரும்."

"நாள் பூராவா!" என்று பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீயளா? நாள் பூராவாம்."

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயிற்சி என்றால் வகுப்பு பாதி, ஒத்திகை பாதி என்று முப்பத்துமூன்று வருடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் குளிர்நீர் ஒத்திகை என்று குழுவின் வாட்ஸப்பில் போட்டேன். பதினோரு பேர் கைகூப்பும் படத்தை அனுப்பினார்கள். ஒருவர் ரோஜாப்பூ அனுப்பினார். ஒருவர் பதிலே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஒரே ஆள், மச்சான். அவரும் வெறுங்கையோடு வரவில்லை. வீட்டிலிருந்த நீல டிரம் ஒன்றைக் காலி செய்து, கரும்புச் சாற்றுக் கடைகளுக்கு ஐஸ் போடுகிற ஆளிடம் சாக்கில் சுற்றிய இரண்டு பாளம் ஐஸ் வாங்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு தாராவியிலிருந்து வந்து இறங்கினார். தன்னைப் போடவேண்டிய டிரம்மைத் தானே கொண்டுவந்தார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று உறைக்கவில்லை. ஒத்திகைக்கு ஆள் வந்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால், அதாவது அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் என்றால், அவன் வாயிலிருந்து வருவதுதான் சட்டம். கல்யாணமான புதிதில், உப்புக் குறைந்த குழம்பை மரியாதைக்காக "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடம் அந்த வீட்டில் நான் சாப்பிடப் போன நாளெல்லாம் உப்புக் குறைத்தே சமைத்தார்கள். என்னைவிட மூன்று வயது மூத்த மச்சான் இன்றுவரை நான் உட்காரச் சொல்லாமல் உட்கார்ந்ததில்லை. நாற்பது வருடமாக இதை நான் ஒரு வசதியாகத்தான் எண்ணி வந்தேன். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்று என் ஒன்பது பக்கப் படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அது போகட்டும். தண்ணீரில் இறங்குகிறவர் முதலில் உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். பதினான்கு கேள்விகள். குழுவில் பலர் ஆங்கிலம் தெரியாதவர்கள் என்பதால் நல்ல தமிழில் நானே தயாரித்தது. ரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்று போகும். மச்சான் படியேறி வருவதற்குள் நேரமாகிறதே என்று நானே பேனாவை எடுத்து, பதினான்குக்கும் "இல்லை" "இல்லை" என்று எழுதி, கீழே கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டேன். தொழிற்சாலையில் ஒரு ஏணியைக்கூட நேரில் ஆட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். ஆனால் இவர் என் மச்சானல்லவா? நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாததா?

(இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதுகிறேன்.)

டிரம்மில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி ஐஸை உடைத்துப் போட்டோம். வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். எட்டு டிகிரி. விதிகளைப் பெரிய அட்டையில் எழுதித் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைத்திருந்தேன். கழுத்தில் நாடா போட்டு ஸ்டாப்வாட்ச். மாடியின் மறுபக்கத்தில் கோமதி பழைய வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் பிழிந்து காயவைத்திருந்தாள். அந்த வெயிலில் வற்றல் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்றால் வெயிலைப் புரிந்துகொள்ளலாம்.

"அண்ணனுக்கு இதெல்லாம் ஒத்துக்குமாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டே நிமிஷம். நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். அந்த வாக்கியத்தின் இரண்டு பகுதிகளும் பொய்யாயின.

மச்சான் முக்காலியில் ஏறி, இடுப்பில் வேட்டியோடு டிரம்முக்குள் கால் வைத்தார். முழங்கால் வரை போனதும் கண்ணை அகல விரித்தார். உள்ளே குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் கழுத்துக்கு ஏறியது.

"ஹா... ஹா... மாப்ள! உசுரு போயிட்டு வருது மாப்ள!"

"பேசாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. ஒரு நிமிஷத்துல அடங்கிடும்."

அடங்கியது. நான் பாடத்தில் சொன்னபடியே அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நொடி மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டு காணாமல் போனார்.

"மச்சான்! தலையை முக்கக் கூடாது! நாலாவது விதி!"

தலை வெளியே வந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு டயம் மாப்ள!" என்று மறுபடி போனார். மறுபடி வந்தார். மூன்றாவது முறையும் முங்கி எழுந்தார். காதில் ஐஸ் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அறுபத்தாறு வயது மனிதர் ஒருவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. நானும் சிரித்துவிட்டேன். ஸ்டாப்வாட்ச் ஒரு நிமிடம் பத்து நொடி காட்டியது.

அந்த நேரம் பார்த்து மாடிக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் குடியிருப்பின் செயலாளர் வைத்தியநாதன் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் என்னைப் போலவே விதிமுறைப் பைத்தியம். ஒரே கட்டடத்தில் அப்படி இரண்டு பேர் இருக்கக் கூடாது.

"என்ன சார் நடக்கறது இங்க? டெரஸ் காமன் ஏரியா. பெர்மிஷன் லெட்டர் குடுத்தேளா?"

"நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கேன் சார்."

"நோட்டீஸ் போர்டுல போடறதுக்கே பெர்மிஷன் வேணும் சார். நாப்பத்தி மூணாம் விதி."

"நாற்பத்து மூணு விளம்பரத்துக்கு. இது பாதுகாப்புப் பயிற்சி. ஐம்பத்தாறைப் படிச்சிருக்கீங்களா?"

"அம்பத்தாறை எழுதினதே நான்தான் சார்!"

வழக்கமாக யாரும் என்னோடு விதிகளைப் பற்றிச் சண்டைக்கு வருவதில்லை. பாதியில் எழுந்து போய்விடுவார்கள். வெகு காலத்துக்குப் பிறகு சரிசமமான எதிரி கிடைத்த உற்சாகத்தில் நான் டிரம்முக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். ஐம்பத்தாறிலிருந்து அறுபத்தொன்றுக்குப் போனோம். அங்கிருந்து ஆண்டுப் பொதுக்கூட்டத் தீர்மானங்களுக்குப் போனோம். என் வாதத்தை வலியுறுத்த ஸ்டாப்வாட்ச்சைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன். அதில் எத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்று பார்க்கவில்லை. பின்னால் டிரம்முக்குள் ஐஸ் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஐஸ் உருகுகிறது போலும் என்று நினைத்தேன்.

நடுவில் ஒருமுறை, "மாப்ள..." என்று சன்னமாக ஒரு குரல் வந்தது.

நான் திரும்பாமலே கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் மச்சான்" என்றேன்.

மச்சான் காத்திருந்தார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் என்றால் ஒரு நிமிஷம்தானே.

அந்த வாதத்தில் நான் ஜெயித்தேன். அன்று நான் முறையாகச் செய்து முடித்த ஒரே காரியம் அதுதான் என்பதால் இங்கே பதிந்து வைக்கிறேன்.

வற்றலைத் திருப்பிப் போட மேலே வந்த கோமதிதான் முதலில் பார்த்தாள். "அண்ணே!" என்ற சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்துப் புறாக்கள் பறந்தன. திரும்பினேன். மச்சானின் உதடு டிரம்மின் நிறத்துக்கு வந்திருந்தது. பல் அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு நடுங்கிய நடுக்கத்தில்தான் ஐஸ் அத்தனை நேரம் ஆடியிருக்கிறது.

"வெளிய வரக்கூடாதா அண்ணே?"

"மா...மாப்ள... இன்னும் சொல்லல... தாயி." சொற்கள் வாயில் மாவு வைத்துக்கொண்டு பேசுவது போல வந்தன.

ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

வெளியே எடுக்கலாம் என்று பாய்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மச்சானின் விரல்களால் டிரம்மின் விளிம்பைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே கால் வைத்து ஏற ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் கழிப்பறைக்குக்கூட வெளியேறும் வழிக்கு அம்புக்குறி வரைந்தவன், அந்த டிரம்மிலிருந்து ஆள் எப்படி வெளியே வருவார் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அக்குளில் கையைக் கொடுத்து நிமிர்த்தித் தூக்கினேன். குளிரில் விறைத்தவரை நிமிர்த்தித் தூக்கக் கூடாது, படுத்த வாக்கில்தான் எடுக்க வேண்டும் என்பது என் இருபத்தாறாவது படம். பாதி எழுந்தவர் கண் செருகி மறுபடி உள்ளே சரிந்தார்.

"விடுங்க! சார், நீங்க அந்தப் பக்கம்! தள்ளுங்க!" என்று கோமதி கத்தினாள். அவளும் செயலாளரும் டிரம்மை அப்படியே சாய்த்தார்கள். தண்ணீர், ஐஸ், மச்சான் எல்லோரும் ஒன்றாக மொட்டைமாடியில் வழுக்கி வந்தார்கள், படுத்த வாக்கில், விதிப்படி. மிச்சத் தண்ணீர் படியில் இறங்கி மேல்மாடியில் இருக்கும் செயலாளரின் வீட்டு வாசலுக்குள் போனது.

நான் உட்கார்ந்து மச்சானின் பாதங்களைப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தேன்.

"தேய்க்காதீங்க! அட்டையில என்ன எழுதியிருக்கீங்க?"

அட்டையைப் பார்த்தேன். "எக்காரணம் கொண்டும் தேய்க்கக் கூடாது" என்று சிவப்பு மையில் இருந்தது. அடிக்கோடு வேறு. அதை எழுதும்போது அட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் கோமதி. படித்தவளும் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. ஈர வேட்டியை உருவச் சொன்னாள். வெயிலில் சூடேறிக் கிடந்த வற்றல் வேட்டியை வற்றலோடு இழுத்து வந்து அண்ணனைச் சுற்றினாள். முதலில் நெஞ்சு, பிறகு வயிறு, கைகால் கடைசியில். செயலாளர் கீழே ஓடி, தில்லியில் வேலை பார்த்த காலத்துக் கம்பளிப் போர்வையும் சர்க்கரை போட்ட சூடான பாலும் கொண்டுவந்தார். அவரிடம் யாரும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை.

நான் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி, வாரநாள் காலையில் சயானில் நெரிசலில் மாட்டிய பஸ்ஸைப் போல ஓடியது, நின்றது, இரண்டு அடி பாய்ந்தது, மறுபடி நின்றது. அது குளிரால் மட்டும் வருகிற நாடி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் உண்மையிலேயே பயந்தேன். செயலாளரின் காரில் பின்னிருக்கையில் மச்சானைப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடியிருந்தார். செம்பூர் நாக்கா சந்திப்பில் சிவப்பு விளக்கு. வாழ்நாளில் முதல்முறையாக, சிக்னலை மதிக்காமல் போங்கள் என்று ஒருவரிடம் கெஞ்சினேன்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் பெண் மருத்துவர். பம்பாயிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். வெப்பமானியைப் பார்த்தார், உதறினார், வேறொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"தர்ட்டி ஃபோர். தர்ட்டி செவன் இருக்கணும். எப்படி அங்கிள்? ஏசி ரூம்ல மாட்டிக்கிட்டாரா?"

"இல்லம்மா. தண்ணீர்."

"எந்தத் தண்ணி? இந்த மே மாசத்துல?"

"டிரம்."

"அரே, டிரம்ல எப்படி விழுந்தாரு?"

"விழல. ஒத்திகை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மச்சானைப் புரட்டி, முதுகைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இது என்ன, ஸ்கின்ல இப்படி வெள்ளையா?"

"கூழ்வத்தல் டாக்டர்" என்றாள் கோமதி. "இன்னும் சரியாக் காயல."

போர்வைகள், வெதுவெதுப்பான காற்று, நரம்பில் சூடேற்றிய திரவம் என்று அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் மச்சானின் உதட்டுக்கு நிறம் வந்தது. பேச்சும் தெளிந்தது. நாடி மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை. இதயத்தின் தாளம் தப்புகிறது, இது இன்றைக்கு வந்ததா, பழசா என்று தெரிய வேண்டும் என்றார் மருத்துவர்.

"டிரம்ல இறக்கறதுக்கு முன்னாடி ஹெல்த் பத்தி ஏதாவது கேட்டீங்களா அங்கிள்?"

ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. "படிவமே இருக்கு" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸாரி, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். மச்சானின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கோமதியும் செயலாளரும் ஒரு செவிலியும் கேட்க, என் சொந்தப் படிவத்தை உரக்கப் படித்தேன்.

"ஒன்று. இரத்தக் கொதிப்பு உண்டா? இல்லை. இரண்டு. நீரிழிவு உண்டா? இல்லை. மூன்று..."

ஒவ்வோர் "இல்லை"யும் என் கையெழுத்தில் இருந்தது. வெகு அழகான கையெழுத்து.

"ஆறு. நெஞ்சுப் படபடப்பு உண்டா? இல்லை."

"உண்டே மாப்ள" என்றார் மச்சான், போர்வைக்குள்ளிருந்து.

மருத்துவர் கட்டிலின் பக்கம் திரும்பினார்.

"எப்ப இருந்து?" என்று மருத்துவர் கேட்டார்.

"மூணு வருசமா வரும், போவும். மூட்டையத் தூக்குனா ஜாஸ்தி. நம்ம கிளினிக் டாக்டர் ஒரு மாத்திர குடுத்தாரு."

"ஏன் மச்சான் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னார்: "நீங்க கேக்கலியே மாப்ள."

மீதி எட்டுக் கேள்விகளை நான் படிக்கவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போதும் என் கோப்பில் இருக்கிறது.

மச்சான் ஐந்து நாளில் வீடு திரும்பினார். இதய மருத்துவர் மாத்திரைகளை எழுதி, மலைப்பயணம் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழு எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. கங்கோத்ரியிலிருந்து படங்கள் வந்தன. என் விதிகளில் ஒன்றைக்கூட யாரும் மதிக்கவில்லை. தடாலென்று குதித்தார்கள், தலையை முக்கினார்கள், கையைக் கோத்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். பதின்மூன்று பேரும் எடை கூடித் திரும்பி வந்தார்கள். (அதிர்ஷ்டம்தான். அதிர்ஷ்டம் ஒரு நடைமுறை ஆகாது என்று எழுத நினைத்து அழித்துவிட்டேன்.) மச்சான் அந்தப் படங்களைக் கடையில் உட்கார்ந்து செல்போனில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆட்களை அல்ல, தண்ணீரை.

"பச்சையா இருக்கு மாப்ள" என்றார்.

டிரம்மில் இறக்காவிட்டால் அந்த நோய் தெரிந்தே இருக்காது, கங்கோத்ரியில் வந்திருந்தால் பக்கத்தில் மருத்துவமனை ஏது, ஆக ஒரு வகையில் நான் அவர் உயிரைக் காப்பாற்றினேன் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். கோமதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு வார்த்த கேட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்குமே" என்றாள். அதோடு அந்த வாதம் செத்தது. செயலாளர் தன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு எழுத்தில் புகார் கொடுத்தார். கடைசி வரியில், "தங்கள் மைத்துனர் நலமா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் விதி எண் எதுவும் குறிப்பிடாமல் பதில் எழுதினேன்.

குடும்பத்தில் இந்தக் கதை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் தாராவி வீட்டிலும் யாராவது குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "என்ன, மாப்ள இன்னும் சொல்லலியா?" என்று கேட்பார்கள். கல்யாண மண்டபங்களில் கேட்கிறார்கள். நெருளில் இருக்கும் என் மகளின் மாமியார், நான் எதிரில் இருப்பது தெரியாமல், தன் பேரனிடம் கேட்டார். அவன் சிரித்தான். சிரிக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். "மாப்ள நல்லதுக்குத்தான செஞ்சாவ" என்று மச்சான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேலியைத் தாங்கலாம். அதைத் தாங்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, சமவெளியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தண்ணீரில் மட்டும் இறங்கக் கூடாது என்று மருத்துவர் தளர்த்தினார். நான் மச்சானை ஹரித்துவாருக்கு அழைத்துப் போனேன். இந்த முறை பதினான்கு கேள்விகளையும் வாயால் கேட்டு, பதிலை எழுதிக்கொண்டேன். சிலவற்றை இரண்டு தடவை கேட்டேன்.

படித்துறையில் கங்கை அவ்வளவு வேகமாக ஓடியது. பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலிகள் தொங்கின. தேநீர்க் கடையில் ஒரு வாளி வெந்நீர் கேட்டு வாங்கி, அதில் கங்கைத் தண்ணீரைக் கலந்து, கையை விட்டுப் பார்த்து, மேல்படியில் மச்சானை உட்கார வைத்தேன். சின்ன வாளி அது. ஊற்றினேன். ஒரு மக். இரண்டு மக். வாளி காலி.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இங்கயும் ரெண்டுதானா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் உங்களை இப்படி உட்கார வைத்துவிட்டேனே மச்சான் என்று, இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்ததை ஒருவழியாகச் சொன்னேன்.

"அட விடுங்க மாப்ள. அன்னிக்கி டிரம்முல மூணு தடவ முங்குனேம்லா? நீங்க ஏசுனீய, ஆனா முங்குனேன். நீங்க போயி இறங்குங்க. எனக்கும் சேத்து ஒரு முங்கு போட்டுட்டு வாங்க." சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். என் ஸ்டாப்வாட்ச். அன்றைக்குப் பிறகு வீட்டில் அதைக் காணவில்லை, நானும் தேடவில்லை. "கோமதி குடுத்து விட்டா" என்றார்.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். மூச்சு இழுத்தது. அடங்கும்வரை நின்றேன். பிறகு அவருக்காக ஒருமுறை முங்கி எழுந்தேன். அவருக்குப் பின்னால் இரண்டு கடைக்காரர்கள் இடத்துக்காகப் பெரிய சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படித்துறையே திரும்பி வேடிக்கை பார்த்தது. மச்சான் திரும்பவில்லை. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் என்மீதுமாக உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நிமிசம் ஆச்சு மாப்ள. வெளிய வாங்க."

நாற்பத்திரண்டு வருடத்தில் மச்சான் எனக்கு இட்ட முதல் கட்டளை. உடனே வந்துவிட்டேன்.